ஹெரால்டு மக்கர் பண்ணினால்: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் வழி

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் செய்து விற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பார்வைக்குச் சாதுவான குடும்பக் கார். அடியில் படுத்துப் பார்த்தால்தான் அது யார் என்று தெரியும். இங்கிலாந்தில் 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், இதே சேசிஸைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டியதுதான். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், ரேக் அண்டு பினியன் ஸ்டீயரிங், 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துவிடும் முன்சக்கரங்கள், மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்னால் சாயும் பானெட். 1959-இல் முதலில் வந்த ஒரு சின்ன வண்டிக்குள் இவ்வளவு யோசனை இருக்கிறது. வடிவம் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலாட்டியுடையது.

நெல்லைப் பக்கம் இதை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் நம்மில் பலர், வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பிட்ஃபயர் பக்கம் நகர்த்துகிறோம். எஸ்.யூ. வகைக் கார்புரேட்டர் இரண்டு, எலக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோவுக்குப் பதில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், முன்பக்க டிஸ்க் பிரேக், தாழ்த்திய பின்பக்கம். என் வண்டியும் அப்படித்தான். அதில் தப்பில்லை. ஆனால் இந்த வண்டிகளைப் பார்த்தவரையில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்று: நிறையப் பழுதுகள் வயசால் வருவதில்லை, பாதியில் நிறுத்திய மாற்றத்தால் வருகின்றன. ஒரு பாகத்தை மாற்றியவர்கள், அதை நம்பியிருக்கும் அடுத்த பாகத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதனால் எந்த அறிகுறி வந்தாலும் ஸ்பானரை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இந்த வண்டியில் கடைசியாக எதை மாற்றினார்கள், அதோடு சேர்த்து எதை மாற்றாமல் விட்டார்கள் என்பது. உங்களுக்கு முந்தைய சொந்தக்காரர் உயிரோடு இருந்தால் அவரிடமே போய்க் கேளுங்கள். பாதிப் பழுது அங்கேயே பிடிபடும்.

எல்லாவற்றையும் ஒரே அளவு விவரமாகச் சொல்லப் போவதில்லை. உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் வைக்கிறேன்.

ஸ்டீயரிங் கனக்கிறது, திருப்பிவிட்டால் தானாக நேராக வர மறுக்கிறது, மெதுவாக வளைக்கும்போது முன்சக்கரப் பக்கம் கீச்சென்கிறது

இந்த மூன்றில் ஒன்று இருந்தால்கூட அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் என்கிற வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை அந்தக் கட்டைக்குள் சுற்றுகிறது. அதற்கு வேண்டியது ஆயில்: டிஃபரன்ஷியலுக்கு (பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள கியர்ப் பெட்டிக்கு) ஊற்றும் அதே ஈ.பி.90 கியர் ஆயில். கிரீஸ் அல்ல.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், வண்டியை வாட்டர் சர்வீசுக்கு விட்டால் அங்கிருக்கும் பையன் கண்ணில் பட்ட நிப்பிளிலெல்லாம் கிரீஸ் அடித்துவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது, மற்ற வண்டிகளுக்கு அதுதான் சரி. ஆனால் இங்கே கிரீஸ் மரையின் உள்ளே முழுதாக இறங்காது. நாளடைவில் இறுகிப்போகும். மேல்பக்கம் வழியாகத் தண்ணீர் நுழைந்து, மரையின் மேல் விளிம்பில் துரு ஏறும். உவரி, திசையன்விளைப் பக்கம் கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டி என்றால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கடைசியில் ஒருநாள், பெரும்பாலும் முழுசாக வளைத்து நிறுத்தும்போது, அந்த இடத்தில் துண்டு ஒடிந்து சக்கரம் மடங்கி உட்காரும். நிறுத்தும்போது ஒடிந்தால் மட்கார்டு போகும். நான்குவழிச் சாலையில் ஒடிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பார்க்கும் முறை இது. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு போட்டுவிட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வேறொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் டிரனியன் அல்லது மேலே உள்ள பால் ஜாயிண்ட். பிறகு ஆயில் கன்னில் ஈ.பி.90 நிரப்பி, சக்கரம் தூக்கியிருக்கும் நிலையிலேயே அடியுங்கள். பழைய அழுக்கெல்லாம் வெளியேறி மேல் விளிம்பில் சுத்தமான ஆயில் கசியும்வரை அடிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது போதும். தண்ணீரில் ஓட்டியிருந்தால் அன்றைக்கே.

பழைய கிரீஸ் இறுகி ஆயில் ஏறவில்லை என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றினால் மரையைத் துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குழி விழுந்த துரு தெரிந்தால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். அதில் வெல்டிங் வைக்கவோ லேத்தில் மரையைத் திரும்ப வெட்டவோ எந்தப் பட்டறையும் சம்மதிக்கக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை. மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

முன்பக்கம் டிஸ்க் பிரேக் போட்டவர்கள் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள். நல்ல பிரேக் போட்டால் அந்த இழுவை முழுவதும் இந்தத் துண்டின் வழியாகத்தான் போகிறது. டிஸ்க் வாங்கக் காசு ஒதுக்கும்போதே டிரனியனுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்.

வளைவில் ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் எகிறி உதறுகிறது

ஹெரால்டைப் பற்றிய பயங்களில் பெரும்பகுதி இதுதான். பயப்படுவதை விட, என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது.

பின்னால் குறுக்காக ஒரே பிளேட் ஸ்பிரிங். அதன் இரு முனையிலும் சக்கரங்கள். ஒவ்வொரு பக்க ஆக்சிலும் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்பக்கம் மட்டும் மடங்கும், சக்கரத்தின் பக்கம் மடங்காது. அதனால் பின்பக்கம் மேலே எழும்பினால் சக்கரங்களின் அடிப்பாகம் உள்நோக்கி மடங்கும், மேல்பாகம் வெளியே சாயும். வேகமாக ஒரு வளைவில் நுழைந்துவிட்டு, பயந்து ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னால் ஓடும், பின்பக்கம் தூக்கும், வெளிச் சக்கரம் டயரின் ஓரத்தில் நிற்கும். பிடிமானம் போய்விடும். செங்கோட்டை தாண்டி புளியரையிலிருந்து ஆரியங்காவுக்கு ஏறி இறங்கும் எஸ் வளைவுகளில் தனியாளாக இறங்கிப் பாருங்கள், இதன் ஆரம்பம் முதுகில் தெரியும். பின்சீட்டில் இரண்டு பேர் இருந்தால் அதே வளைவில் வண்டி சமர்த்தாகப் போகும், ஏனென்றால் எடை பின்பக்கத்தை அமுக்கி வைத்திருக்கிறது.

முதலில் சும்மா பார்க்க வேண்டிய இரண்டு. டயர் காற்று: முன்னால் குறைவாகவும் பின்னால் கூடுதலாகவும் இருக்க வேண்டும், கையேட்டில் உள்ளபடி. நான்குக்கும் ஒரே அளவு அடிக்கச் சொல்வதுதான் பங்க்குகளில் வழக்கம், அதைத் தடுத்துச் சொல்லுங்கள். அப்புறம் ஷாக் அப்சார்பர். ஓரத்தில் அமுக்கிவிட்டால் ஒரு தடவைக்கு மேல் துள்ளக் கூடாது.

அடுத்தது முக்கியம். சம தரையில், ஆள் இல்லாமல், வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டு நிறுத்துங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் பார்த்தால் சக்கரம் மடங்கியே இருக்கும், அது கணக்கில் வராது. பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும், அல்லது மேல்பாகம் லேசாக உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். மேல்பாகம் வெளியே சாய்ந்திருந்தால் யாரோ ஸ்பிரிங்கைத் தொட்டிருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. தொய்ந்துபோன ஸ்பிரிங்கைப் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி வாங்குகிறார்கள், கூடவே வேகத்தடையில் அடி தட்டாமல் இருக்க ஒரு பிளேட்டையும் சேர்க்கச் சொல்கிறார்கள். அம்பாசடருக்கோ வேனுக்கோ இது நல்ல யோசனை. அந்த வண்டிகளில் பின் அச்சு ஒரே தண்டு, உயர்த்தினால் உயரம் மட்டும்தான் கூடும். ஹெரால்டில் உயர்த்தினால் சக்கரமே சாய்கிறது. இறங்கிப்போன பழைய ஸ்பிரிங்கோடு ஓட்டுவதைவிட ஏற்றிக் கட்டிய ஸ்பிரிங்கோடு ஓட்டுவது ஆபத்து. சேர்த்த பிளேட்டை எடுத்துவிட்டு, பழைய வளைவுக்குக் கொண்டு வாருங்கள். வேகத்தடைக்கு நாம்தான் மெதுவாகப் போக வேண்டும்.

சரி, இதற்குமேல் மாற்றிச் செப்பம் செய்ய விரும்புபவர்களுக்கு இரண்டு வழி உண்டு. டிஃபரன்ஷியலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் கட்டை வைத்துப் பின்பக்கத்தைத் தாழ்த்துவது ஒன்று. செலவு குறைவு, பலன் உடனே தெரியும். இன்னொன்று, 1970-இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-க்கு டிரையம்ப் நிறுவனமே கொடுத்த ஸ்விங் ஸ்பிரிங். அதில் கீழ்ப் பிளேட் மட்டும் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும், மேலே உள்ளவை சாய்ந்தாட விடப்பட்டிருக்கும். ஆனால் கவனியுங்கள்: அந்த ஸ்பிரிங் போட்ட அன்றே அவர்கள் வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பியான முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் தடிமனாக்கினார்கள். பின்னால் வண்டியின் சாய்வைத் தடுக்கும் பலம் குறைந்ததால் அதை முன்னால் ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஸ்விங் ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் போட்டு, முன்பக்கத்தைத் தொடாமல் விட்டால், வண்டி படகாட்டம் ஆடும். பாதி மாற்றம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. செய்தவர்களே இரண்டையும் சேர்த்துத்தான் செய்தார்கள்.

கெஸல் பின் அச்சை எடுத்து ஹெரால்டில் பொருத்தலாமா என்ற யோசனையும் சிலருக்கு உண்டு. 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலுக்கு நம் ஊர்ச் சாலைக்காகவும் மெக்கானிக்குகளுக்காகவும் ஒரே தண்டு அச்சு வைத்தார்கள். வேலை செய்யும். என் கருத்து, வேண்டாம். தனித்தனிச் சக்கர சஸ்பென்ஷனுக்காகத்தானே இந்த வண்டியை வைத்திருக்கிறோம். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்துப் போகக் கற்றுக்கொண்டால், நல்ல ஸ்பிரிங் உள்ள ஹெரால்டு எந்த மலைப்பாதையிலும் ஏமாற்றாது.

சூடு ஏறுகிறது

எங்கே ஏறுகிறது என்று முதலில் சொல்லுங்கள். வண்ணார்பேட்டை நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்தால் இறங்குகிறதா? அல்லது கங்கைகொண்டான் தாண்டி மதுரைச் சாலையில் 80-இல் போகும்போது ஏறுகிறதா? இரண்டும் வேறு வேறு வியாதி.

நிற்கும்போது ஏறினால் காற்றோட்டம்தான் பிரச்சினை. ரேடியேட்டரின் இரு பக்கமும் அட்டைத் தடுப்புகள் இருந்தன, முன்னால் நுழையும் காற்று ரேடியேட்டர் வழியாக மட்டும் போகட்டும் என்று. அறுபது வருடத்தில் அவை நைந்து, யாரோ கிழித்துப் போட்டிருப்பார்கள். பானெட்டைத் திறந்து அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அலுமினியத் தகட்டில் வெட்டிப் பொருத்துங்கள். செலவே இல்லாத வேலை, ஆனால் ஓடும்போதும் நிற்கும்போதும் பலன் உண்டு.

எலக்ட்ரிக் ஃபேன் போட்டவர்கள், அது காற்றை எஞ்சின் பக்கமாகத் தள்ளுகிறதா என்று ஒரு தாளை வைத்துப் பாருங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்த் திசையில் சுற்றும். அதைவிட முக்கியம், உங்கள் வண்டியில் இன்னும் பழைய டைனமோதான் இருக்கிறதா? அது முழு வேகத்தில் தருவதே 20 ஆம்பியரை ஒட்டித்தான், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஃபேன் அதிகம் தேவைப்படும் நேரமும் ஐட்லிங்தான். அப்போது ஃபேன் பேட்டரியைத் தின்னும், சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் ஹெட்லைட் மங்கும், மறுநாள் காலை ஸ்டார்ட் ஆகாது. ஆல்டர்னேட்டர் இல்லாமல் எலக்ட்ரிக் ஃபேன் வைக்காதீர்கள்.

ஓடும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம், அல்லது எஞ்சின் தேவைக்குமேல் சூட்டை உண்டாக்குகிறது. நம் ஊர் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், ராதாபுரம் வட்டாரத்தில் கேட்கவே வேண்டாம். வருடக்கணக்கில் அதை ஊற்றியிருந்தால் பிளாக்கின் பின்பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றிச் சேறும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். பிளாக்கின் வடிகால் திருகைக் கழற்றினால் தண்ணீர் வர வேண்டும். வரவில்லை என்றால் கம்பியை விட்டுக் குத்துங்கள். குத்தியதும் வருவதைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். ரேடியேட்டரை மட்டும் புதுசாக மாற்றி, பிளாக்கைக் கழுவாமல் விட்டால், அந்தச் சேறே வந்து புது ரேடியேட்டரையும் அடைக்கும். இனிமேல் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும்.

தெர்மோஸ்டாட் விஷயத்துக்கு வருவோம். பல நல்ல மெக்கானிக்குகளே, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு அண்ணாச்சி" என்று கழற்றித் தூரப் போட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய கைத்திறமையில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் இதில் ஒத்துப்போக முடியவில்லை. தண்ணீர் 82 டிகிரியை ஒட்டி வந்ததும் தெர்மோஸ்டாட் திறக்க ஆரம்பித்துவிடும். நெரிசலில் 100-ஐ நெருங்கும்போது அது ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருக்கிறது, எடுத்துவிட்டால் புதுசாக எதுவும் கிடைக்காது. மாறாக, காலையில் எஞ்சின் சூடாக வெகுநேரம் ஆகும், அதுவரை அதிகப்படியான பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டிருக்கும். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். திறந்தால் திருப்பிப் போடுங்கள்.

ரேடியேட்டர் மூடியும் ஒரு வலை. இன்றைய கார்களின் மூடி அழுத்தம் அதிகம் தாங்கும், பார்க்கப் பொருந்துகிற மாதிரியும் இருக்கும். பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்றும் ஹீட்டர் குழாய்களும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல.

சூடான எஞ்சினை நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை

இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்று. ஓடும்போது காற்று பட்டுக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் கீழிருந்து வரும் சூடு முழுக்க ஃப்ளோட் கிண்ணத்துக்கும் பெட்ரோல் பம்புக்கும் ஏறும். சித்திரை வெயிலில் பெட்ரோல் ஆவியாகிப்போகும்.

ஆனால் உடனே பெட்ரோலைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பிளக்கைக் கழற்றி, வேறு பிளக் ஒன்றை வயரில் மாட்டி, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் பிளாக்கில் தொடவைத்துச் சுற்றிப் பாருங்கள். பொறி நீலமாக இருந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக, பலவீனமாக இருந்தால் காயில் அல்லது கண்டென்சர் சூட்டில் செத்துப்போகிறது. ஆறினால் பிழைத்துக்கொள்ளும், அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

பெட்ரோல்தான் என்றால், ஈரத் துணியைப் பம்பின்மேல் போட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். அதற்குப்பின் ஸ்டார்ட் ஆனால் ஆவிதான். இரட்டை எஸ்.யூ. போட்ட வண்டிகளில் இது அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. கார்புரேட்டரை வாங்கியவர்கள், அதற்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தடித்த இன்சுலேட்டர் கட்டையையும், அடியில் வரும் வெப்பத் தகட்டையும் வாங்குவதில்லை. தகட்டை உள்ளூரிலேயே வெட்டிக்கொள்ளலாம்.

ஆவிப் பிரச்சினைக்கு எலக்ட்ரிக் பம்ப் போடுவதைப் பலரும் மருந்தாகச் சொல்கிறார்கள். போடுங்கள், ஆனால் அழுத்தத்தைப் பாருங்கள். எஸ்.யூ. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டுக்குள் போதும். இன்ஜெக்ஷன் கார் பம்ப் 40 பவுண்டுக்குமேல் தள்ளும். அந்த அழுத்தத்தில் ஃப்ளோட் ஊசி தோற்று, பெட்ரோல் வழிந்து, நேராகக் கீழே உள்ள எக்ஸாஸ்ட்டில் சொட்டும். ரெகுலேட்டர் இல்லாமல் எந்தப் பம்பும் வேண்டாம். தீயணைப்பான் ஒன்று டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயும் பம்பின் டயாபிரமும் அதில் ஊறி மிருதுவாகும், உதிரும். ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்துபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாது. அதனால் ஒரு படி பெரிய ஜெட்டோ, எஸ்.யூ. என்றால் கொஞ்சம் கூடுதல் செழிப்போ (பெட்ரோல் கூடிய கலவையோ) தேவைப்படும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். ஐப்பசி ஈரத்தில் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், டேங்க் அடியில் துரு பிடிக்கும்.

மிஸ்ஸிங் அடிக்கிறது, இழுவை இல்லை

கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள். வரிசை இதுதான்: டேப்பெட் (வால்வுகளின் இடைவெளி), இக்னிஷன், காற்றுக் கசிவு, அதன்பிறகுதான் கார்புரேட்டர். முதல் மூன்றும் சரியில்லாமல் கார்புரேட்டரைத் திருகினால் நல்லதையும் கெடுத்ததாகிவிடும்.

எஞ்சின் ஆறிய நிலையில் டேப்பெட் இடைவெளி 0.25 மி.மீ. பிளக் 0.6 மி.மீ., பாயிண்ட் 0.4 மி.மீ. வெடிக்கும் வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது கடிகாரத்துக்கு எதிர்த் திசை. வயரைக் கழற்றி மாட்டியவர்கள் இந்த இடத்தில்தான் தவறுவார்கள். புதிதாக வாங்கிய ரோட்டரிலும் கண்டென்சரிலும் சந்தேகப்படுங்கள். பழசு நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருங்கள்.

இரட்டைக் கார்புரேட்டருக்கு மாறியவர்கள், டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய கார்புரேட்டரிலிருந்து கழற்றி, புதியதில் இடம் தெரியாமல், அப்படியே தொங்கவிட்டிருப்பார்கள். நிதானமாக ஓட்டும்போது இழுவை குறைந்து, பெட்ரோலும் அதிகம் குடிக்கும்.

எல்லாம் சரி என்றால் எஸ்.யூ.வுக்கு வாருங்கள். டேம்பரில் ஆயில் இருக்கிறதா? கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டால் டக்கென்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். தேரிக்காட்டுச் செம்மண் புழுதி உள்ளே போனால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். அழகுக்காகச் சின்ன மெஷ் ஃபில்டர் போட்டவர்களுக்கு இது அடிக்கடி வரும். நல்ல பேப்பர் ஃபில்டருக்கு மாறுங்கள். கலவை பார்க்க, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் செழிப்பு அதிகம். உடனே அணையப் பார்த்தால் மெலிவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டு கார்புரேட்டரையும் சமன்செய்ய ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து உறிஞ்சும் சத்தத்தைக் கேட்டாலே போதும்.

கிளட்சை மிதித்தால் எஞ்சின் சத்தம் மாறுகிறது

ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் முன் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு முன்னால் நகர்ந்தால், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்கின் பின் மெயின் பேரிங்கில் உள்ள அரைவட்டத் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. 0.2 மி.மீ. வரை இருக்கலாம், அதற்குமேல் வேண்டாம். விட்டால் வாஷர் கழன்று எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழும், பிறகு கிராங்க்கே பிளாக்கை அரைக்கும். எஞ்சினை இறக்காமல் சம்ப்பை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். சிக்னலில் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு ஹெட்லைட் மங்கல், இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கும் மினுக்குகிறது

காரணம் எர்த் இணைப்பு. பாடி சேசிஸில் போல்ட்டால் மாட்டியது, பானெட் கீலில் நிற்பது. பெயிண்ட் அடித்துப் புதுப்பித்த வண்டியில் இந்த இணைப்புகளுக்கு நடுவிலெல்லாம் பெயிண்ட் இருக்கும். பானெட்டிலிருந்து சேசிஸுக்கும், எஞ்சினிலிருந்து சேசிஸுக்கும் தனி எர்த் வயர் இழுங்கள். ஆல்டர்னேட்டர் போட்டவர்கள் அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரையும் தடிமனாக்க வேண்டும். டைனமோவுக்குப் போட்ட பழைய வயர் அந்தக் கரண்டில் சூடேறும்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கப் போகும்போது மாற்றங்களைப் பற்றிக் கேள்வி வருகிறது

இதுவும் ஒரு பழுதுதான், பட்டறையில் தீராதது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் வாகன விதிகளில், 50 வயது தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனிப் பதிவு எண் வாங்கலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் அது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் அனுமதி இல்லை. ஆகவே எதைச் செய்தாலும் திரும்பக் கழற்றிப் பழையபடி மாட்டும் விதமாகச் செய்யுங்கள். சேசிஸில் ஓட்டை போடாதீர்கள், வெட்டாதீர்கள். கழற்றிய சோலெக்ஸ் கார்புரேட்டர், பழைய டிரம், டைனமோ எல்லாவற்றையும் ஆயில் தடவி எடுத்து வையுங்கள்.

மழைக்குப்பின் பிரேக் பிடிக்கவில்லை, அல்லது ஒரு பக்கம் இழுக்கிறது

நான்கு டிரம்மும் ஈரமானால் முதல் சில மிதிகளுக்குப் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி லேசாக மிதித்துக் காயவையுங்கள். காய்ந்தபின்னும் ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்தைப் பார்க்காதீர்கள், எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வீல் சிலிண்டர் ஒட்டியிருக்கும், அல்லது லைனிங்கில் ஆயில் பட்டிருக்கும். பின்சக்கரம் என்றால் ஆக்சில் ஆயில் சீலைப் பாருங்கள். இந்த வண்டியில் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான், ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போகும். அதனால் ரப்பர் குழாயில் வெடிப்புக் கோடு தெரிந்த அன்றே மாற்றிவிடுங்கள். ஹேண்ட் பிரேக் எப்போதும் வேலை செய்யட்டும்.

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தது போல வண்டி மூழ்கிவிட்டால், ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், பிளக்குகளைக் கழற்றிக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். எஞ்சின் ஆயிலை எல்லாரும் மாற்றிவிடுவார்கள், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் மறந்துவிடுவார்கள். இரண்டின் அடித் திருகையும் திறந்து, வரும் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் வடித்துவிட்டு நிரப்பி, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் வடியுங்கள். வீல் பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள். டிரனியனுக்கு ஈ.பி.90.